ரூட் கேனல் செய்தும் வலி போகலையா? பல்லுக்குள் இருக்கும் கிருமிக்கு ஏன் யாரும் 'டெஸ்ட்' எடுப்பதில்லை? - விரிவான அலசல்

"ரூட் கேனல் பண்ணி, கேப்பும் போட்டாச்சு. ஆறு மாசம் கூட ஆகலை, மறுபடியும் அதே இடத்துல வீங்குது." இப்படிப் புலம்பும் ஒருவரையாவது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சில ஆயிரம் ரூபாய் செலவு, நாலைந்து முறை அலைச்சல், இவ்வளவுக்குப் பிறகும் பல் வலித்தால் கோபம் வரத்தானே செய்யும்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. காய்ச்சல் நாலு நாள் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் யூரின் கல்ச்சர். காலில் புண் ஆறவில்லை என்றால் சீழ் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாத்திரை.

ஆனால் பல்லுக்கு? ஒரு எக்ஸ்-ரே, ஒரு ஆன்டிபயாடிக் பட்டை, அப்புறம் ரூட் கேனல். உள்ளே என்ன கிருமி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இது அலட்சியமா, இல்லை இதற்குப் பின்னால் காரணம் இருக்கிறதா? உலகின் மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரூட் கேனல் என்றால் உண்மையில் என்ன?

பல்லின் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். அதற்குள் டென்டின். அதற்கும் உள்ளே, நடுவில், ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மென்மையான பகுதி ஒன்று இருக்கிறது. அதுதான் பற்கூழ். இந்தக் கூழ் பல்லின் வேருக்குள் மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கி, தாடை எலும்பு வரை போகிறது.

சொத்தை ஆழமாகப் போனாலோ, அடிபட்டுப் பல் விரிசல் விட்டாலோ, வாயில் உள்ள பாக்டீரியாக்கள் இந்தக் கூழுக்குள் நுழைந்துவிடும். கூழ் அழுகிச் செத்துவிடும். அதன் பிறகு அந்தக் குழாய்தான் பாக்டீரியாக்களுக்குச் சொந்த வீடு. வேர் நுனி வழியாக அவை எலும்பைத் தொந்தரவு செய்யும்போது சீழ், வீக்கம், கடித்தால் வலி எல்லாம் வருகிறது. எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல் தெரிந்தால், அங்கே எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரூட் கேனல் சிகிச்சையில் நடப்பது இதுதான்: அழுகிய கூழை எடுப்பது, குழாயை ஃபைல் எனப்படும் மெல்லிய கருவிகளால் தேய்த்து அகலப்படுத்துவது, கிருமிநாசினி திரவம் விட்டுக் கழுவுவது, கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்து மூடுவது. ஆக, இது 'நரம்பைக் கட் பண்ற' வேலை மட்டும் இல்லை. அடிப்படையில் இது கிருமி ஒழிப்பு வேலை.

கிருமிதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?

இந்தக் கதை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லினில் தொடங்குகிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் அங்கே இருந்த காலம். அதே ஊரில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ.டி.மில்லர், வாயில் உள்ள நுண்ணுயிரிகளைப் பற்றி 1890-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கெட்டுப்போன பற்கூழிலும் பாக்டீரியாக்கள் இருப்பதை 1894-ல் பதிவு செய்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிகிற சில கிருமிகள் லேபில் வளர்த்தால் வளர மறுக்கின்றன என்பதையும் அப்போதே கவனித்தார். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இருந்தாலும், கிருமி இருப்பது வேறு, கிருமிதான் காரணம் என்பது வேறு. அதை நிரூபித்தது 1965-ல் அமெரிக்காவில் நடந்த எலிப் பரிசோதனை. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சாதாரண எலிகள். மற்றது உடலில் ஒரு கிருமி கூட இல்லாமல் தனிச் சூழலில் வளர்க்கப்பட்டவை. இரண்டின் கடைவாய்ப் பல்லிலும் ஓட்டை போட்டு, கூழ் வெளியே தெரியும்படி விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியில்லா எலிகளுக்கோ, பல்லுக்குள் உணவுத் துகள் போய் அடைந்தும் கூழ் சாகவில்லை. புதிதாக டென்டின் உருவாகி அந்த இடம் தானாக மூடத் தொடங்கியது.

அடுத்து 1976. ஸ்வீடனில் உமேயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோரான் சுண்ட்க்விஸ்ட், அடிபட்டதால் உள்ளே செத்துப்போன, ஆனால் சொத்தையே இல்லாத பற்களை ஆராய்ந்தார். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்த பற்களில்தான் பாக்டீரியா இருந்தது. அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் பட்டால் வளராத வகை. செத்த கூழ் மட்டும் நோயைத் தருவதில்லை, அதில் குடியேறும் கிருமிதான் தருகிறது என்பது இதோடு உறுதியானது.

ஒரு காலத்தில் இந்த டெஸ்ட் வழக்கத்தில் இருந்தது!

பலருக்குத் தெரியாத செய்தி இது. பல் வேருக்குக் கிருமிப் பரிசோதனை என்பது புதுசா வந்தது இல்லை. இருந்து, பிறகு கைவிடப்பட்டது.

1910-ல் பிரிட்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மான்ட்ரியலில் ஒரு உரை நிகழ்த்தினார். வாயில் மறைந்திருக்கும் நோய்த்தொற்றுதான் உடம்பின் மற்ற பல நோய்களுக்கும் காரணம் என்ற கருத்தை அது பரப்பியது. விளைவு? மூட்டுவலிக்குக்கூடப் பல்லைப் பிடுங்கும் காலம் ஒன்று வந்தது. கெட்ட பல், நல்ல பல் என்ற வித்தியாசம் இல்லாமல் லட்சக்கணக்கான பற்கள் போயின. அந்தக் கோட்பாடு அப்படியே ஏற்கத்தக்கது இல்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தக் காலத்தில் 'பல்லைக் காப்பாற்றலாம்' என்று சொன்ன மருத்துவர்களுக்கு ஒரு ஆதாரம் தேவைப்பட்டது. "பாருங்க, இந்த வேருக்குள்ள கிருமி இல்லை" என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்காக வந்ததுதான் கல்ச்சர் டெஸ்ட். வேரிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்து, கிருமி வளரவில்லை என்றால்தான் பல்லை அடைப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை 'நெகட்டிவ்' வர வேண்டும் என்று கறாராக இருந்தவர்களும் உண்டு.

1960-களில் இது ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் பெண்டர், செல்ட்சர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கல்ச்சர் பாசிட்டிவ் வந்த பற்களும் நெகட்டிவ் வந்த பற்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமாகின்றன என்று காட்டினார்கள். 'கல்ச்சர் எடுப்பதா, வேண்டாமா' என்று 1964-ல் அவர்கள் எழுப்பிய கேள்விக்குப் பிறகு, கல்லூரிகளிலும் கிளினிக்குகளிலும் இந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அன்றைய கல்ச்சர் முறைகள், ஆக்சிஜன் பட்டால் சாகும் கிருமிகளைப் பிடிக்கத் தோதானவை அல்ல. வேருக்குள் பெரும்பாலும் இருப்பதே அந்த வகைதான் என்பது 1976-ல்தான் தெளிவானது. அதாவது, அன்று 'நெகட்டிவ்' என்று வந்ததில் எத்தனை நிஜமான நெகட்டிவ் என்பதே கேள்விக்குறி. மில்லர் சொன்ன 'வளர மறுக்கும் கிருமிகள்' இங்கேதான் மீண்டும் வருகின்றன.

டெஸ்ட் எப்படி எடுப்பார்கள்?

கேட்க எளிதாக இருக்கும். செய்வது அவ்வளவு எளிதில்லை.

முதலில், பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டுவார்கள். எச்சில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் ரிசல்ட் கெட்டுவிடும், ஏனென்றால் எச்சிலிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறது. பிறகு பல்லின் வெளிப்பரப்பை ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் போன்றவற்றால் துடைப்பார்கள். அதன் பிறகே பல்லைத் திறக்க வேண்டும்.

உள்ளே கிருமியில்லாத சலைன் துளி விட்டு, சிறிய ஃபைலால் சுவரை லேசாகச் சுரண்டுவார்கள். பிறகு பேப்பர் பாயின்ட் எனப்படும், ஊசி போல மெல்லிய காகிதக் குச்சியை உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுவார்கள். அந்தக் குச்சியை, ஆக்சிஜன் பாதிக்காத தனித் திரவம் உள்ள குப்பியில் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவியிருந்தால், அதன் வீரியத்தை முறிக்க இன்னொரு திரவம் விட்ட பிறகே மாதிரி எடுக்க முடியும். இல்லையென்றால் குப்பிக்குள்ளேயே கிருமி செத்துவிடும்.

லேபில் ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்ப்பார்கள். மெதுவாக வளரும் கிருமிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கூட ஆகும். சாதாரண சீழ் கல்ச்சர் போல ரெண்டு நாளில் ரிப்போர்ட் வாங்கிவிட முடியாது.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியதில் ஸ்வீடனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாதிரி எடுக்கும் விதிமுறைகளை அந்நாட்டின் ஆகே மோல்லர் 1966-லேயே விரிவாக எழுதினார். சிக்கலான பற்களுக்கு மாதிரி எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கமும் அங்கே உண்டு. உலகம் கைவிட்ட பழக்கத்தை ஒரு மூலையில் விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

சரி, ரிசல்ட்டால் என்ன பயன்?

இதற்கு அதிகம் காட்டப்படும் ஆதாரம் 1997-ல் வெளியானது. ஸ்வீடனின் ஷோக்ரென், சுண்ட்க்விஸ்ட் குழுவினர் 55 பற்களுக்கு ஒரே அமர்வில் சிகிச்சை செய்து, அடைப்பதற்குச் சற்று முன்பு மாதிரி எடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி இல்லை என்று வந்த பற்களில் 94 சதவீதம் குணமாயின. கிருமி இருக்கிறது என்று வந்தவற்றில் 68 சதவீதம்தான் குணமாயின.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று: கிருமி மிச்சம் இருந்தால் தோல்வி வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. இரண்டு: கிருமி மிச்சம் இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு பற்கள் தாமாகவே சரியாகிவிட்டன. அடைப்பு நன்றாக அமைந்தால் உள்ளே சிக்கிய கிருமிக்கு உணவு கிடைக்காது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

2002-ல் நெதர்லாந்தின் பீட்டர்ஸ், வெஸ்ஸெலிங்க் செய்த சிறிய ஆய்வில், அடைக்கும்போது கிருமி இருந்த பற்களுக்கும் இல்லாத பற்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒரு பல் குணமாகுமா ஆகாதா என்று கல்ச்சரை மட்டும் வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்ற கருத்தே வந்தது.

ஏன் இந்தக் குழப்பம்? பல்லின் அமைப்புதான் காரணம். வேர்க்குழாய் என்பது நேரான பைப் இல்லை. கிளை பிரியும், வளையும், பக்கத்துக் குழாயோடு மெல்லிய இடுக்கு வழியாகச் சேரும். சூரிச்சில் 2001-ல் நுண் சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்தபோது, கருவிகள் போய் வந்த பிறகும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. காகிதக் குச்சி போவது நடு வழியில் மட்டும்தான். சந்து பொந்தில் ஒளிந்திருப்பதை அது தொடாது. அதனால் 'நெகட்டிவ்' என்றால் 'கிருமியே இல்லை' என்று அர்த்தம் இல்லை, 'எடுத்த இடத்தில் கிடைக்கவில்லை' என்றுதான் அர்த்தம்.

பி.சி.ஆர். வந்த பிறகு என்ன மாறியது?

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய அதே பி.சி.ஆர்.தான். கிருமியை வளர்க்க வேண்டியதில்லை, அதன் மரபணுத் துண்டைத் தேடிப் பிடித்தால் போதும். 1990-களில் இருந்து பல் வேர் ஆய்விலும் இது நுழைந்தது. லேபில் வளரவே வளராத பல கிருமிகள் வேருக்குள் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. ரூட் கேனல் தோற்றுப்போன பற்களில் என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்ற பாக்டீரியா அடிக்கடி கிடைத்ததால், ரொம்ப நாள் அதுதான் 'வில்லன்' என்று பேசப்பட்டது. உணவில்லாமல் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும், பல்லுக்குள் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தையும் சமாளிக்கும் முரட்டு ரகம் அது. ஆனால் மரபணு முறைகளில் பார்த்தபோது ஒரே ஒரு வில்லன் இல்லை, பல வகைக் கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து சுவரில் படலமாக ஒட்டி வாழ்கின்றன என்பது தெரிந்தது. இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழவழப்பாகப் பாசி படியுமே, அதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆனால் பி.சி.ஆருக்கும் ஒரு குறை உண்டு. செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும். சிகிச்சையில் கிருமி எல்லாம் செத்திருந்தாலும் 'பாசிட்டிவ்' வரலாம். கொரோனா குணமான பிறகும் சிலருக்குப் பாசிட்டிவ் காட்டியதே, அதே கதைதான்.

நாற்காலியிலேயே ரிசல்ட்?

மருத்துவருக்கு உண்மையில் தேவைப்படுவது எளிமையான விடை: "இப்போது அடைக்கலாமா, இன்னும் கழுவணுமா?" இதற்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-ல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். காகிதக் குச்சியில் எடுத்த மாதிரியில், உயிருள்ள பாக்டீரியாவைக் காட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஒளியின் அளவைக் கருவியால் அளப்பது. சில நிமிடங்களில் விடை கிடைக்கும். எந்தக் கிருமி என்று இது சொல்லாது. உயிரோடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். அடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

இந்த வகை டெஸ்ட் எல்லா கிளினிக்குக்கும் வந்துவிட்டால், 1960-களில் மூடிய கதவு மறுபடி திறக்கும். ஆனால் அது இன்னும் அன்றாட வழக்கமாக ஆகவில்லை.

அப்போ நம்ம ஊர் கிளினிக்கில் ஏன் இல்லை?

காரணங்கள் ஒன்றுக்கு மேல்.

முதல் காரணம், ரிசல்ட் சிகிச்சையை மாற்றுமா என்பது. யூரின் கல்ச்சரில் 'இந்த மருந்து கேட்கும்' என்று வந்தால், அந்த மாத்திரை ரத்தம் வழியாகப் போய்ச் சேரும். ஆனால் செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த மாத்திரை போட்டாலும் வேர்க்குழாய்க்குள் அது சரியான அளவில் போகாது. கிருமி எதுவாக இருந்தாலும் செய்யப்போவது அதே தேய்ப்பு, அதே கழுவல்தான். இந்த ஒரு விஷயம்தான் பல் கிருமி டெஸ்ட்டையும் மற்ற டெஸ்ட்டுகளையும் பிரிக்கிறது.

இரண்டாவது, லேப் வசதி. ஆக்சிஜன் இல்லாமல் கிருமி வளர்க்கும் ஏற்பாடு பெரிய மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் கிடைக்கலாம், தெருமுனை லேபில் எதிர்பார்க்க முடியாது. சாதாரண முறையில் வளர்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட், வேருக்குள் இருக்கும் முக்கால்வாசிக் கதையைச் சொல்லாமலே விட்டுவிடும். தப்பான ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் இல்லாததே மேல்.

மூன்றாவது, பணமும் நேரமும். "ஒரே சிட்டிங்ல முடிச்சிடுங்க டாக்டர், லீவு கிடையாது" என்று கேட்பவர்கள்தான் அதிகம். டெஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம், இன்னொரு நாள் அலைச்சல் என்றால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

நான்காவது, அடிப்படையே இல்லாத இடத்தில் மேல்மாடி கட்ட முடியாது. நல்ல மாதிரிக்கு ரப்பர் டேம் கட்டாயம். அது எல்லா கிளினிக்கிலும் பயன்படுத்தப்படுவதில்லை. எச்சில் உள்ளே வடியும் நிலையில் சிகிச்சை செய்துவிட்டு, பி.சி.ஆர். எடுத்து என்ன ஆகப்போகிறது?

இதில் பெரிய ஆபத்து எங்கே?

டெஸ்ட் இல்லாத இடத்தை எது நிரப்புகிறது என்று பார்த்தால்தான் பிரச்னையின் முழு அளவு தெரியும். அதை நிரப்புவது ஆன்டிபயாடிக்.

பல்வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் போய் "ஒரு அமாக்சிசிலின், ஒரு மெட்ரோனிடசோல், ஒரு வலி மாத்திரை" என்று வாங்கிப் போடுவது நம்மிடம் சர்வசாதாரணம். இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே பிரசாரம் செய்தது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள பெரியவர்களுக்கு, பற்கூழ் அழற்சி, வேர் நுனித் தொற்று போன்ற பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, ரூட் கேனல் அல்லது சீழ் வடித்தல் போன்ற நேரடிச் சிகிச்சைதான் தேவை என்கிறது அது. காய்ச்சல், உடல் சோர்வு என்று தொற்று உடம்புக்குப் பரவும் அறிகுறி இருந்தால் கணக்கு வேறு.

மாத்திரை போட்டதும் வீக்கம் வற்றுவது உண்மைதான். எலும்பு, ஈறு பக்கம் ரத்தம் ஓடுகிறது, அங்கே மருந்து போகிறது. ஆனால் கிருமியின் வீடு பல்லுக்குள் அப்படியே இருக்கிறது. பத்து நாள் கழித்து மறுபடி வீங்கும், மறுபடி மாத்திரை. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் மருந்துக்கு அசராத கிருமிகளை நாமே வளர்க்கிறோம். 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பல்வலி மாத்திரைக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வாணியம்பாடி சம்பவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் பாடம் ஒன்று உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற சிலருக்கு, மூளையைத் தாக்கும் நியூரோ மெலியோய்டோசிஸ் என்ற அரிய தொற்று வந்தது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்கள், தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையினர் இணைந்து ஆராய்ந்து, 2025-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது காரணமாகச் சுட்டப்பட்டது.

இது வேருக்குள் இருந்த கிருமி இல்லை, வெளியிலிருந்து உள்ளே போன கிருமி. ஆனால் அதைக் கண்டுபிடித்தது எது? நுண்ணுயிர்ப் பரிசோதனைதான். நோயாளிகளின் மாதிரியை லேபில் வளர்த்துப் பார்த்ததால்தான் எல்லா நூலும் ஒரே கிளினிக்கில் போய் முடிந்தது. பல் சிகிச்சையும் நுண்ணுயிரியலும் தனித்தனி உலகம் இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு உதாரணம் கிடையாது.

யாருக்கு டெஸ்ட் தேவைப்படலாம்?

சாதாரண ரூட் கேனலுக்கு வருகிற எல்லோருக்கும் கிருமி டெஸ்ட் தேவையில்லை. இதுதான் இன்று பெரும்பாலான மருத்துவர்களின் நிலைப்பாடு, கையில் உள்ள ஆதாரமும் அதற்கு எதிராக இல்லை. ஆனால் சில சூழல்களில் மாதிரி எடுப்பது நியாயமானது:

* முறையாகச் சிகிச்சை செய்தும், மறுசிகிச்சை செய்தும் சீழ் நிற்கவே இல்லை என்றால்.
* வீக்கம் முகம், கழுத்துக்குப் பரவி, கொடுத்த ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்றால்.
* புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால்.

முகம், கழுத்து வீங்கியவர்களுக்குச் சீழை ஊசியில் உறிஞ்சி எடுத்து அனுப்புவது, வேர்க்குழாயில் மாதிரி எடுப்பதைவிட எளிது. அங்கே ரத்த ஓட்டம் இருப்பதால் ரிசல்ட்டை வைத்து மருந்தை மாற்றவும் முடியும். டெஸ்ட் உண்மையாகவே உயிரைக் காப்பாற்றும் இடம் இதுதான்.

சர்க்கரை நோயாளிகள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் வேர் நுனிப் புண் ஆறுவதும் தாமதமாகலாம். பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

டெஸ்ட் எடுக்கச் சொல்லி அடம்பிடிக்கத் தேவையில்லை. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன.

1. "ரப்பர் டேம் போட்டுப் பண்ணுவீங்களா?" - கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் முதல் அரண் அதுதான்.

2. "கழுவுறதுக்கு என்ன பயன்படுத்துறீங்க?" - வெறும் சலைனுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை. ஹைப்போகுளோரைட்தான் உலகம் முழுக்க முதல் தேர்வு. 1980-களில் ஸ்வீடனில் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளும் இதைத்தான் காட்டின.

3. "எக்ஸ்-ரேயில் எல்லா குழாயும் கிடைச்சுதா?" - கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு குழாய் இருக்கலாம். ஒன்று விட்டுப்போனாலும் கிருமி அங்கே தங்கிவிடும்.

4. "கேப் எப்போ போடணும்?" - மேல் அடைப்பு கசிந்தால், சுத்தம் செய்த வேருக்குள் எச்சில் வழியாகக் கிருமி மறுபடி இறங்கும். காசு சேரட்டும் என்று மாதக்கணக்கில் கேப்பைத் தள்ளிப்போடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

5. "மறுபடி எப்போ எக்ஸ்-ரே பார்க்கணும்?" - எலும்பு திரும்ப வளர மாதங்கள் ஆகும். வலி இல்லை என்பதால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

6. "இந்த ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவையா?" - தயங்காமல் கேளுங்கள். தேவை என்றால் ஏன் என்று டாக்டர் சொல்வார்.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காதீர்கள்

வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கக் கஷ்டம், நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் கல் போல வீக்கம், மூச்சு விடச் சிரமம், கடும் காய்ச்சல். கீழ்க் கடைவாய்ப் பல்லின் தொற்று கழுத்துக்கு இறங்கி மூச்சுப்பாதையை அடைக்கும் லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்ற நிலையாக இது இருக்கலாம். பல் கிளினிக் திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 108-க்கு அழைக்க வேண்டும்.

முடிவாக என்ன?

பல் வேருக்கான கிருமிப் பரிசோதனை ஒருமுறை வந்து, போய், இப்போது வேறு வடிவில் திரும்பி வர முயல்கிறது. வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் கல்ச்சரைவிட, சில நிமிடங்களில் 'அடைக்கலாமா' என்று சொல்லும் டெஸ்ட்டுக்குத்தான் எதிர்காலம் அதிகம் என்று தோன்றுகிறது. அது நம் ஊருக்கு வரும்போது விலை என்ன, எந்த கிளினிக்கில் கிடைக்கும், அரசு மருத்துவமனையில் இருக்குமா என்பதெல்லாம் அப்போது கேட்க வேண்டிய கேள்விகள்.

அதுவரை நம் கையில் இருப்பது ரெண்டு விஷயம். சிகிச்சை சுத்தமாக நடக்கிறதா என்று கவனிப்பது ஒன்று. பல்வலிக்கு மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல் இருப்பது இன்னொன்று. பட்டை மாத்திரை வலியைத் தள்ளிப்போடும், அவ்ளோதான். பல்லுக்குள் குடியிருக்கும் கிருமியை அது காலி பண்ண வைக்காது.